பண்டுக் மரிக்கா

பண்டுக் மரிக்கா (1954 – 2021) ஆஸ்திரேலியாவின் வடக்கே ஆர்னம் லேண்ட் பகுதியில், யிர்க்காலா என்னும் ஊரில் பிறந்த தொல்குடி ஓவியர். யோல்ங்கு மக்களில் ரிராட்ஜிங்கு குலத்தைச் சேர்ந்தவர். மரபான மரப்பட்டை ஓவியத்திலும் தற்கால அச்சுக்கலையிலும் பெயர் பெற்றவர். அச்சுக்கலையில் ஈடுபட்ட முதல் தொல்குடிப் பெண்களுள் ஒருவர்.

குடும்பம்

இவருடைய தந்தை மவாலன் மரிக்கா குலத் தலைவர், புகழ்பெற்ற ஓவியர். புனித உருக்களை வரையும் பணி ஆண்களுக்கே உரியதாக இருந்த காலத்தில், அவர் தம் பெண்மக்களுக்கும் அதைக் கற்றுக்கொடுத்தார். அண்ணன் வாஞ்சுக் மரிக்காவும் அறியப்பட்ட ஓவியரே.

மரப்பட்டை ஓவியம்

மழைக்காலத்தில் யூகலிப்டஸ் வகை மரத்தில் சாறு மிகுந்திருக்கும். அப்போது பட்டை எளிதாக உரியும். மேலே உள்ள முரட்டு நாரைச் சீவி எடுத்துவிட்டு, பட்டையை நெருப்பில் வாட்டி, பாரம் வைத்துத் தட்டையாக்கி உலர்த்துவார்கள். செங்காவி, மஞ்சள் காவி, வெள்ளைக் களிமண், கரி ஆகியவையே நிறங்கள். மனிதத் தலைமுடியால் ஆன மெல்லிய தூரிகை கொண்டு நெருக்கமான குறுக்குக் கோடுகளை இழுப்பார்கள். அக்கோடுகளின் அமைப்பைக் கொண்டே ஓவியம் எந்தக் குலத்துக்கு உரியது என்று அறியலாம்.

அச்சுக்கலை

1980களில் சிட்னி நகரில் வாழ்ந்தபோது மரிக்கா லினோலியத் தகட்டில் உருவைச் செதுக்கி, மை தடவித் தாளில் அச்சிடும் முறையைக் கையாண்டார். பட்டை ஓவியம் ஒன்றே ஒன்றுதான். அச்சிலோ ஒரே உருவைப் பல படிகள் எடுக்கலாம். கருவி புதிது என்றாலும் கருப்பொருள் மாறவில்லை. இவரது ‘ஜந்தாவும் புனித நீர்ச்சுனையும்’ (1988) என்னும் அச்சோவியம், ஜங்கவு எனப்படும் படைப்பு மூதாதையரின் வரலாற்றோடு தொடர்புடையது. ஜந்தா என்பது உடும்பு.

கம்பள வழக்கு

இந்த ஓவியம் கல்விப் பயன்பாட்டுக்காக வெளியிடப்பட இவர் இசைவு அளித்திருந்தார். பின்னர் பெர்த் நகர நிறுவனம் ஒன்று, இவருடையது உட்படப் பல தொல்குடி ஓவியர்களின் படைப்புகளை அனுமதியின்றிக் கம்பளங்களில் நெய்து, வியட்நாமிலிருந்து இறக்குமதி செய்து விற்றது. ஓவியர்களுக்கு உரிமைத்தொகை தரப்படுவதாகவும் கம்பளச் சீட்டுகளில் அச்சிட்டிருந்தது.

இதில் பணத்தைவிடப் பெரிய இழப்பு ஒன்று இருந்தது. யோல்ங்கு மரபில் புனித உரு தனி ஒருவரின் சொத்து அன்று. குலம் முழுவதற்கும் உரியது. வரைபவர் அதன் காவலர் மட்டுமே. அதைப் பிறர் தவறாகப் பயன்படுத்தினாலும், காவலரே குலத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். வரையும் உரிமையையே அவர் இழக்க நேரலாம். புனித நீர்ச்சுனையின் உருவோ இப்போது மனிதர் கால்பட மிதிக்கும் விரிப்பாகிவிட்டது.

மரிக்கா, ஜார்ஜ் மில்புருரு, டிம் பயுங்கா ஜாபங்கதி ஆகிய மூவரும், மறைந்த ஐந்து ஓவியர்களின் சார்பில் அரசு அறங்காவலரும் வழக்குத் தொடுத்தனர். 1994 டிசம்பரில் கூட்டரசு நீதிமன்றம் பதிப்புரிமை மீறப்பட்டதை உறுதிசெய்து, 1,88,640 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு விதித்தது. விற்காத கம்பளங்களை ஒப்படைக்கவும் ஆணையிட்டது. உயிருடன் இருந்த ஓவியர்கள் தம் சமூகத்தில் அடைந்த பண்பாட்டுத் துன்பத்தையும் இழப்பீட்டில் கணக்கிட்டதே இத்தீர்ப்பின் சிறப்பு. ஆனால் நிறுவனம் நொடித்துப்போனதால் தொகை ஓவியர்களுக்குக் கிடைக்கவில்லை.

குலத்துக்கு உரிய கூட்டுரிமையைத் தனி ஓவியரின் பதிப்புரிமை வழியாகவே அன்று காக்க முடிந்தது. சட்டத்தில் உள்ள இந்த இடைவெளியைப் பற்றிப் பேசுவோர் இன்றும் இவ்வழக்கையே எடுத்துக்காட்டுகின்றனர்.