ஆலைச் சங்கு ஊதிய ஊர்கள்

பூந்தமல்லியில் பிறந்த திருக்கச்சி நம்பி, அங்கே நந்தவனம் வைத்துப் பூப்பறித்து, நாள்தோறும் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாளுக்குக் கொண்டுபோய்ச் சாத்தினார் என்பது வைணவ மரபு. ராமானுஜர் ஆசானாகக் கொண்டாடிய பெரியவர் அவர். தள்ளாத வயதில் காஞ்சிக்கு நடக்க முடியாமல் தவித்தபோது, பெருமாளே பூந்தமல்லிக்கு வந்து காட்சி கொடுத்தாராம். அந்த நினைவாக இன்றும் ஊர் நடுவே வரதராஜப் பெருமாள் கோயில் நிற்கிறது. வீடு ஓர் ஊர், வேலை ஓர் ஊர் என்று ஆயிரம் ஆண்டுக்கு முன்பே அலைந்த ஒருவரின் கதை இது. சென்னையின் மேற்குப் புறநகருக்கு இதைவிடப் பொருத்தமான தலபுராணம் அமையாது.

இன்று அந்த அலைச்சல் லட்சக்கணக்கானோருக்கு அன்றாடம். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அம்பத்தூர் 3 லட்சத்தைச் சற்றே தாண்டியிருந்தது, 2011-ல் 4.66 லட்சத்தைத் தொட்டது. ஆவடி அதே பத்தாண்டில் 2.3 லட்சத்தை ஒட்டி இருந்து சுமார் 3.45 லட்சமாக வளர்ந்தது. 2011-ல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சிக்குள் சேர்ந்தது. 2019-ல் ஆவடி தனி மாநகராட்சி ஆனது; 2022-ல் தனிக் காவல் ஆணையரகமும் வந்தது. இவ்வளவு வேகமாகப் பெருத்த ஊர்களைப் பற்றி அங்கே குடியிருப்பவர்களுக்கே தெரிந்தது குறைவு. பலருக்கு அவை சீசன் டிக்கெட்டில் அச்சான பெயர்கள், அவ்வளவுதான்.

எல்லாம் தண்டவாளத்தில் தொடங்கியது. 1856 ஜூலை 1-ம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை திறக்கப்பட்டது. ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம் வழியாகப் போன அந்தப் பாதையில்தான் இன்றைய மின்சார ரயில்களும் ஓடுகின்றன. பூந்தமல்லியை அது தொடவே இல்லை. அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்தின் பெரிய ஊர் பூந்தமல்லிதான். கோட்டை இருந்தது, ஆங்கிலேயப் படையின் கன்டோன்மென்ட் இருந்தது, நோயுற்ற சிப்பாய்கள் உடல் தேற அங்கேதான் அனுப்பப்பட்டார்கள். சென்னையிலிருந்து மேற்கே போகும் பெருஞ்சாலைக்கே பூந்தமல்லியின் பெயர். அப்படிப்பட்ட ஊர் ரயில் வராததால் நூறு ஆண்டுக்கு மேல் பின்தங்கியது. ஏரியும் வயலுமாகக் கிடந்த அம்பத்தூரும் ஆவடியும் முந்திக்கொண்டன.

தண்டவாளம் மட்டும் ஊரைக் கட்டிவிடவில்லை. 1949-ல் முருகப்பா குழுமம் ஆங்கிலேய நிறுவனம் ஒன்றோடு கூட்டுச் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கி, அம்பத்தூரில் ஆலையை அமைத்தது. தமிழ்நாட்டுப் பள்ளிக்கூட வாசல்களில் நின்ற ஹெர்குலிஸ் சைக்கிள்கள் அங்கிருந்து வந்தவை. பிறகு டன்லப் டயர் ஆலை வந்தது. 1960-களின் தொடக்கத்தில் பாடியில் டி.வி.எஸ். குழுமத்தின் லூகாஸ், வீல்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் என்று வரிசையாக ஆலைகள் எழுந்தன.

இந்த மண்ணின் வரலாற்றில் 1955-க்குத் தனி இடம் உண்டு. அந்த ஜனவரியில் யு.என்.தேபர் தலைமையில் காங்கிரஸ் மாநாடு ஆவடியில் கூடியது. சோஷலிச மாதிரிச் சமுதாயமே நாட்டின் இலக்கு என்று அங்கே தீர்மானம் நிறைவேறியது. காமராஜர் அப்போது முதலமைச்சர். அதே ஆண்டு அக்டோபர் 2-ம் தேதி, ஆவடிக்குச் சில நிலையங்கள் கிழக்கே, பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலையை நேரு தொடங்கிவைத்தார். 1961-ல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலைக்கு வேலை ஆரம்பித்தது. 1965-ல் அங்கிருந்து முதல் விஜயந்தா பீரங்கி வண்டி வெளிவந்தது. படைவீரர்களுக்கான உடைத் தொழிற்சாலையும் பக்கத்திலேயே வந்தது. தீர்மானங்கள் காகிதத்தோடு நின்றுவிடுவது நம் நாட்டில் வாடிக்கை. ஆவடித் தீர்மானத்தின் விளைவை அந்த ஊரிலேயே, பத்தே ஆண்டில், கண்ணால் பார்க்க முடிந்தது.

1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. ஆர்.வெங்கட்ராமன் மாநிலத் தொழில் அமைச்சராக இருந்த காலம் அது. 1958-ல் கிண்டித் தொழிற்பேட்டையில் கண்ட வெற்றியைப் பெரிய அளவில் செய்துபார்த்த இடம் என்றே அம்பத்தூரைச் சொல்லலாம். ஆயிரம் ஏக்கருக்கு மேல் நிலம், ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு ஆலைகள். பாடியில் உள்ள பெரிய கம்பெனி வரைபடத்தைக் கொடுக்கும். பேட்டையில் லேத் ஒன்றும் டிரில்லிங் மெஷின் ஒன்றும் வைத்திருப்பவர் அதைப் பார்த்து புஷ்ஷும் போல்ட்டும் கடைந்து கொடுப்பார். இதற்கு ஜாப் ஒர்க் என்று பெயர். பெரிய ஆலையில் டர்னராகவோ ஃபிட்டராகவோ இருந்து தொழில் கற்று, பிறகு கடன் வாங்கிச் சொந்தப் பட்டறை போட்டவர்கள் இங்கே ஏராளம். ஐ.டி.ஐ. படித்த பையன் முதலாளி ஆகலாம் என்ற நம்பிக்கையைத் தமிழ்நாட்டுக்குக் கொடுத்ததில் இந்தப் பேட்டைக்குப் பெரிய பங்கு உண்டு.

வேலைக்குப் பின்னால் வீடு வந்தது. ஒரு கிரவுண்டு என்றால் 2,400 சதுர அடி. அதில் பாதியை, அரை கிரவுண்டை, வருங்கால வைப்பு நிதியில் கடன் எடுத்து வாங்கிப் போட்ட தொழிலாளர்களால் ஆனவை கொரட்டூரும் அம்பத்தூரும் திருமுல்லைவாயிலும். சாலை இருக்காது, விளக்கு இருக்காது, மழைக்காலத்தில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும். 1979-ல் திருவள்ளூர் வரை மின்சார ரயில் வந்ததும் ஆவடிக்கு அப்பாலும் மனைகள் விற்றன. அந்தப் பாதையில் உள்ள திருநின்றவூர்தான் பூசலார் நாயனாரின் ஊர். கையில் காசில்லாமல், மனத்துக்குள்ளேயே கல்லும் மரமும் சேர்த்து, நாள் குறித்து, மதில் எழுப்பிச் சிவனுக்குக் கோயில் கட்டியவர் அவர். பல்லவ மன்னன் காஞ்சியில் கட்டிய கோயிலின் குடமுழுக்கைத் தள்ளிவைக்கச் சொல்லி, சிவன் பூசலார் கோயிலுக்குப் போனார் என்கிறது பெரியபுராணம். மனையை வாங்கிப் போட்டுவிட்டுப் பல வருஷம் மனசுக்குள்ளேயே வீடு கட்டிக்கொண்டிருந்த தலைமுறை, நாயனார் ஊரைத் தாண்டித்தான் ரயிலில் போய்வந்தது.

காலை நேரத்தில் பட்டரவாக்கம் நிலையத்தைப் பார்த்தால் இந்த ஊர்களின் உழைப்பு புரியும். ரயில் நிற்பதற்குள் இறங்கத் தயாராக வாசலில் நெருக்கியடித்து நிற்பவர்களில் பெண்கள் அதிகம். திருவள்ளூர், அரக்கோணம் பக்கத்திலிருந்து பேட்டையின் ஆயத்த ஆடை ஆலைகளுக்கு வருபவர்கள். தோளில் சாப்பாட்டுப் பை, கழுத்தில் அடையாள அட்டை, கால்களில் அவசரம். அதே நேரத்தில் அதே பேட்டையில் இருக்கும் கணினி நிறுவனங்களுக்குப் போகிறவர்களும் இறங்குகிறார்கள். பழைய லேத் பட்டறைக்கும் கண்ணாடிக் கட்டடத்துக்கும் இடையே ஒரு சுவர்தான்.

இந்த வளர்ச்சிக்கு விலை கொடுத்தவை ஏரிகள். அம்பத்தூர் ஏரி நிரம்பினால் உபரி நீர் கொரட்டூர் ஏரிக்குப் போகும்; அங்கிருந்து ரெட்டேரிக்கு. மதகும் கலங்கலும் வரத்துக் கால்வாயுமாக முன்னோர் கோத்து வைத்த சங்கிலி அது. வயல்கள் மனைகளானதும் பாசனத்துக்கு ஏரி தேவைப்படவில்லை. கரையோரம் வீடுகள் வந்தன, கழிவுநீர் வந்தது, ஆலைக் கழிவும் கலந்தது. முகப்பேரில் வீட்டு வசதி வாரியக் குடியிருப்பு ஒன்றின் பெயரே ‘ஏரித் திட்டம்’. விலாசத்தில் ஏரி இருக்கிறது, நிலத்தில் இல்லை. கொரட்டூரில் குடியிருப்பவர்களே அமைப்பாகத் திரண்டு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போய்த் தங்கள் ஏரிக்காகப் போராடினார்கள். ஆவடி பருத்திப்பட்டு ஏரி தூர்வாரப்பட்டு, நடைபாதையும் படகுமாக 2019-ல் திறக்கப்பட்டது. மனம் வைத்தால் மீட்க முடியும் என்பதற்கு அது சாட்சி. ஆனால் மற்ற ஏரிகளுக்கு அந்த யோகம் தானாக வராது. ஒவ்வோர் ஏரிக்கும் கேட்க ஆள் வேண்டும்.

புதுத் திட்டங்களும் வரிசையில் நிற்கின்றன. பட்டாபிராமில் 21 மாடி டைடல் பூங்கா 2024 நவம்பரில் திறக்கப்பட்டது. பூந்தமல்லிக்கு மெட்ரோ பாதை போடப்பட்டு 2025-ல் சோதனை ஓட்டம் நடந்தது. 1856-ல் தவறிய ரயில் ஒருவழியாக அந்த ஊருக்குக் கிட்டுகிறது. கோயம்பேட்டிலிருந்து ஆவடி வழியாகப் பட்டாபிராம் வரை சுமார் 22 கி.மீ. மெட்ரோவுக்கும் திட்டம் தயார். மனை விலை இன்னும் ஏறும், பழைய வீடுகள் இடிபட்டு அடுக்குமாடிகள் எழும். ஆலைகள் இருந்த சுவடும் மறைந்துகொண்டிருக்கிறது. டன்லப் ஆலையை மூடிப் பல காலம் ஆகிவிட்டது. ‘டன்லப்’ என்று கேட்டு பஸ்ஸில் டிக்கெட் வாங்கும் இளைஞருக்கு அது ஒரு நிறுத்தம், அவ்வளவே.

திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயிலுக்குப் போனால், கோயிலுக்குக் கொடை கொடுத்தவர்களைப் பற்றிய சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய செய்தி அழியாமல் கிடைக்கிறது. ஐம்பது ஆண்டுக்கு முன் அதே ஊரிலிருந்து மூன்று ஷிப்டுக்கும் சைக்கிள் மிதித்தவர்களைப் பற்றி எங்கே எழுதி வைத்திருக்கிறோம்? அந்தத் தலைமுறைக்கு இப்போது எழுபது, எண்பது வயது. அவர்கள் பெட்டியில் பழைய அடையாள அட்டை இருக்கும், தொழிற்சங்க நோட்டீஸ் இருக்கும், ஆயுத பூஜையன்று மெஷினுக்கு முன் நின்று எடுத்த படம் இருக்கும். உங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஃபிட்டரோ தையல்காரரோ இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். செல்போனில் பதிவு செய்து, படங்களை நகலெடுத்து, உள்ளூர் நூலகத்திலோ பள்ளிக்கூடத்திலோ ஒப்படையுங்கள்.