உதவியாய் வந்த வீடும் உரிமைப் பத்திரமும்

வீடு என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவது, அடித்தளம் தோண்டிக் கல்லும் சுண்ணாம்பும் சேர்த்து எழுப்பிய கட்டடமே. ஆனால் அமெரிக்க நாட்டில் இன்னொரு வகை வீடும் உண்டு. தொழிற்சாலையில் இரும்புச் சட்டத்தின் மீது கட்டி, வாகனத்தால் இழுத்து வந்து மனையில் நிறுத்துவார்கள். 'மொபைல் ஹோம்' என்பது அதன் பெயர். எளியோர் பலருக்கு அதுவே வாழ்நாள் வீடு.

புயலும் வெள்ளமும் ஊரை அழிக்கும்போது அரசு இத்தகைய வீடுகளையும் நாடுவதுண்டு. 2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா புயல் கரையைக் கடந்தபின், ஃபீமா என்னும் மத்திய அவசரகால முகமை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இழுவை வீடுகளையும் மொபைல் ஹோம்களையும் வழங்கியது. சட்டப்படி இந்த உதவிக்குக் காலவரம்பு 18 மாதங்கள்; தேவை நீடித்தால் அரசு நீட்டிக்கலாம். 2009-இல், இன்னும் அவற்றிலேயே தங்கியிருந்தோருக்கு அவை 5 டாலர் அல்லது அதற்கும் குறைந்த விலைக்கு விற்கப்படும் என்று அறிவித்தார்கள்.

ஐந்து டாலருக்கு ஒரு வீடு! கேட்கவே இனிக்கிறதல்லவா? ஆனால் வீட்டை வாங்கிவிட்டால் போதுமா? அதை நிறுத்த இடம் வேண்டாமா? இடத்துக்கு அனுமதி தருவது உள்ளூர் ஆட்சி. மிசிசிப்பி மாநிலத்தில் புயலுக்குப்பின் ஏறத்தாழ 2,800 சிறு குடில்கள் வழங்கப்பட்டன. அவற்றில் பலவற்றை நிரந்தர இல்லங்களாக நிலைநிறுத்த முயன்றபோது, கடற்கரை நகரங்கள் சில மனம் ஒப்பவில்லை. அவசரகால அனுமதி முடிந்துவிட்டது என்பது அவற்றின் வாதம். மத்திய அரசும் மாநில அரசும் கொடுத்தாலும் நகர சபை மறுக்கலாம் என்பதை அம்மக்கள் அனுபவத்தில் கண்டார்கள்.

அன்பு வாசகர்களே! இதைவிடக் கடினமான நிலை ஒன்றும் உண்டு. மத்திய அரசின் மறுசீரமைப்பு நிதியைக் கொண்டு மாநிலமோ மாவட்டமோ வீடு வாங்க உதவும்போது, பல திட்டங்களில் அது தானமாக அல்லாமல் 'தள்ளுபடியாகும் கடனாக' எழுதப்படுகிறது. குறித்த ஆண்டுகள் அவ்வீட்டிலேயே வசிக்க வேண்டும், வெள்ளக் காப்பீடு விடுபடக் கூடாது, விற்கக் கூடாது, வாடகைக்கு விடக் கூடாது. ஆண்டுதோறும் கடனில் ஒரு பங்கு கழியும். 60,000 டாலர் ஐந்தாண்டுக்கு எழுதப்பட்டதாக வைத்துக்கொள்வோம். மூன்றாம் ஆண்டின் முடிவில் வெளியேறினால் மீதி 24,000 டாலர் கடனாக நிற்கும்.

இன்னொரு நுட்பமும் கவனத்துக்குரியது. மனையோடு சட்டப்படி இணைக்கப்படாத மொபைல் ஹோம், பல மாநிலங்களில் வாகனத்தைப் போன்ற அசையும் பொருளே. அதன் உரிமைப் பத்திரத்தில் கடன் கொடுத்தவரின் பெயரும் பதிந்திருக்கும். நிபந்தனை மீறப்பட்டதாகச் சொல்லி அந்த அலுவலகம் வீட்டையே கேட்கும் நிலை இங்கிருந்துதான் பிறக்கிறது. பக்கவாதத்தில் விழுந்த தாயைப் பார்த்துக்கொள்ள ஆறு மாதம் வெளியூர் சென்றாலும், 'அங்கே வசிக்கவில்லை' என்று ஏட்டில் எழுதிவிடக்கூடும்.

அலுவலகத்தின் தரப்பையும் நியாயத்தோடு நோக்க வேண்டும். பொதுப்பணம் ஓர் அமானிதம். துயர் துடைக்க வந்த வீட்டை ஒருவர் விற்று இலாபம் பார்த்தால், வரிசையில் காத்திருக்கும் இன்னொருவரின் கூரையன்றோ பறிபோகிறது? ஆனால் மோசடி செய்தவரையும் முடியாமற்போனவரையும் ஒரே தராசில் நிறுப்பது நீதியாகாது. 1972-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், முன்கூட்டி அறிவித்து விசாரிக்காமல் அரசின் அதிகாரத்தைக் கொண்டு ஒருவர் கைவசமுள்ள பொருளைப் பறிப்பது அரசியல் சட்டத்துக்கு மாறானது என்று தீர்ப்பளித்தது. தவணையில் வாங்கிய வீட்டுச் சாமான்களைப் பற்றிய வழக்கு அது. அடுப்புக்கே அந்தப் பாதுகாப்பு உண்டென்றால், குடும்பமே வாழும் கூரைக்கு எத்துணை வேண்டும்!

எனவே உதவி எந்நாட்டில், எவர் கையிலிருந்து வந்தாலும், கையொப்பமிடுமுன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இது கொடையா, கடனா? பத்திரத்தில் எவர் பெயர் உள்ளது? நிபந்தனை எந்த நாளோடு முடிகிறது? நோயோ மரணமோ குறுக்கிட்டால் வாரிசுகளின் நிலை என்ன? விடைகளை எழுத்தில் பெற்று, காப்பீட்டு இரசீதுகளோடு பத்திரப்படுத்துங்கள். வெளியூர் செல்ல நேர்ந்தால் முன்னரே எழுதித் தெரிவியுங்கள். துயர நாளில் நீட்டப்படும் தாளைப் படிக்கும் பொறுமை எவருக்கும் இராது. ஆயினும் அன்று படிக்கப்படாத வரிதான் பின்னொரு நாள் வாசலில் வந்து நிற்கிறது.