கருவறை வரை வரும் பாகுபாடு

கறுப்பினத் தாய்மாருக்கு எடை குறைந்த குழந்தைகள் பிறக்க மரபணுவே காரணம் என்று அமெரிக்காவில் பலர் நம்பினார்கள். சிகாகோ மருத்துவர்கள் ரிச்சர்ட் டேவிட், ஜேம்ஸ் காலின்ஸ் இருவரும் இலினாய் மாநிலப் பிறப்புப் பதிவுகளை வைத்து அதைச் சோதித்தார்கள். 1997இல் வெளியான முடிவு: வெள்ளையர் குழந்தைகளின் சராசரி எடை 3,446 கிராம், ஆப்பிரிக்காவில் பிறந்து குடியேறிய தாய்மாரின் குழந்தைகள் 3,333, அமெரிக்காவிலேயே பிறந்த கறுப்பினத் தாய்மாரின் குழந்தைகள் 3,089. மரபணுதான் காரணம் என்றால், இனக்கலப்பு குறைந்த ஆப்பிரிக்கத் தாயின் பிள்ளையல்லவா அதிகம் இளைத்திருக்க வேண்டும்? குடியேறியவர்களின் மகள்கள் அமெரிக்காவில் வளர்ந்து பிள்ளை பெற்றபோது, அந்தப் பிள்ளைகளின் எடை குறைந்ததையும் அடுத்த ஆய்வில் கண்டார்கள்.

பிறகு எது காரணம்? நாள்தோறும் இனப் பாகுபாட்டின் அவமதிப்பைச் சுமக்கும் உடலில் கார்டிசால் போன்ற மன அழுத்த ஹார்மோன்கள் ஓயாமல் சுரக்கின்றன. ரத்த அழுத்தம் ஏறுகிறது. உடல் வயதை மிஞ்சித் தேய்கிறது. பொதுச் சுகாதார ஆய்வாளர் ஆர்லின் ஜெரோனிமஸ் இந்தத் தேய்மானக் கருதுகோளை 1992இல் முன்வைத்தார். உயர் ரத்த அழுத்தமும் குறைப்பிரசவமும் இப்படித் தேய்ந்த உடலை எளிதில் பிடித்துக்கொள்கின்றன.

நம் ஊரில் அந்த வேலையைச் சாதி செய்கிறது. பொருளியலாளர்கள் அஸ்வினி தேஷ்பாண்டே, ராஜேஷ் ராமச்சந்திரன் ஆய்வின்படி, வயதுக்கேற்ற உயரமில்லாத குழந்தைகள் உயர்சாதி இந்துக்களிடம் 26 சதவீதம். பட்டியல் சாதி, பழங்குடியினரிடம் சுமார் 40 சதவீதம். தீண்டாமை அதிகமுள்ள பகுதிகளில் இந்த இடைவெளியும் அதிகம்.

பாகுபாடு தாயின் உயிரையும் எட்டும். பேறுகால மரணத்துக்கு மூன்று தாமதங்களைச் சொல்வார்கள்: மருத்துவமனைக்குப் போக முடிவெடுப்பதில், போய்ச் சேர்வதில், சேர்ந்தபின் சிகிச்சை கிடைப்பதில். புதுச்சேரி எல்லையை ஒட்டிய கோட்டக்குப்பத்துக்கு ஜிப்மர் மருத்துவமனை சில கிலோமீட்டர் தூரம்தான். இரண்டாவது தாமதம் அங்கே பெரிதல்ல. திண்டிவனம் பக்கம் குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போகும் இருளர் பழங்குடிப் பெண்ணுக்கு முதல் தாமதமே மலையாக நிற்கும். மூன்றாவதுக்குத் தூரமும் பணமும் பொருட்டல்ல. 2017இல் மகளைப் பெற்ற மறுநாள் மூச்சுத் திணறிய கறுப்பின டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸ், ஸ்கேன் எடுக்கச் சொல்லி மன்றாட வேண்டியிருந்தது. எடுத்துப் பார்த்தபோது நுரையீரலில் ரத்தக் கட்டிகள் இருந்தன.

தமிழ்நாடு 1994 முதல் பேறுகால மரணங்களைத் தணிக்கை செய்கிறது. லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 2004–06இல் 111ஆக இருந்த தாய் இறப்பு, 2018–20இல் 54 ஆனது. பெரும் சாதனை. ஆனால் அது மாநிலச் சராசரி. அமெரிக்காவில் 2023இல் கறுப்பினத் தாய்மாருக்கு 50.3, வெள்ளையருக்கு 14.5 என்பது தெரிவதற்குக் காரணம், அவர்கள் இனவாரியாகக் கணக்கை வெளியிடுவதுதான். பிறப்பு, இறப்பைக் கணக்கிடும் நம் நாட்டின் மாதிரிப் பதிவு அறிக்கை மாநிலவாரியாக மட்டுமே இந்த எண்ணைத் தருகிறது. 54க்குள் கோட்டக்குப்பத்து மீனவப் பெண் எங்கே, இருளர் பெண் எங்கே என்று சொல்ல, சாதிவாரிக் கணக்கையும் அரசு வெளியிட்டாக வேண்டும்.