விலை கொடுத்தும் சொந்தமாகாத இதழ்கள்

உங்கள் பள்ளி நூலகம் ஓர் அறிவியல் மாத இதழுக்குச் சந்தா கட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆண்டில் பன்னிரண்டு இதழ்கள் தபாலில் வந்து சேரும். மறு ஆண்டு பணம் இல்லாமல் சந்தா நின்றுவிட்டாலும் அந்தப் பன்னிரண்டும் அலமாரியில் இருக்கும். இருபது ஆண்டுகள் கழித்து வரும் மாணவரும் அவற்றை எடுத்துப் படிக்கலாம்.

இன்று ஆராய்ச்சி இதழ்களில் பெரும்பாலானவை மின்னிதழ்களாக வெளிவருகின்றன. இவற்றுக்கு மேற்சொன்ன கணக்குப் பொருந்தாது. ஏன்? மின்னிதழ் பொதுவாகப் பதிப்பகத்தாரின் கணினியிலேயே இருக்கிறது. நூலகம் பணம் கொடுத்துப் பெறுவது இதழையன்று. அதைப் படிப்பதற்கான அனுமதியையே. இந்த அனுமதியை வரையறுக்கும் பத்திரமே உரிம ஒப்பந்தம் ஆகும். சொந்த வீட்டுக்கும் வாடகை வீட்டுக்கும் உள்ள வேறுபாடு போன்றது இது.

ஒப்பந்தத்தில் என்ன இருக்கும்?

யார் யார் படிக்கலாம்? ஒரு கட்டுரையின் படியை வேறு நூலகத்துக்கு அனுப்பலாமா? சந்தா நின்ற பிறகு, ஏற்கெனவே பணம் கட்டிய ஆண்டுகளின் இதழ்களையாவது தொடர்ந்து படிக்கலாமா? இவற்றுக்கெல்லாம் ஒப்பந்தமே விடை சொல்லும். கடைசிக் கேள்விக்கு 'ஆம்' என்று எழுதி வாங்காவிட்டால், பல ஆண்டுகள் கட்டிய பணத்துக்கு ஓர் இதழ்கூட மிஞ்சாமல் போகலாம்.

மறைக்கப்படும் விலை

சில ஒப்பந்தங்களில் விலையை வெளியே சொல்லக்கூடாது என்ற விதியும் உண்டு. இதனால் என்ன கெடுதல்? நம் தகவல் அறியும் உரிமைச் சட்டம் போன்ற சட்டங்கள் அமெரிக்காவிலும் உள்ளன. அவற்றின் துணையால் பொருளியல் அறிஞர் தியோடர் பெர்க்ஸ்ட்ராமும் அவருடைய குழுவினரும் அரசுப் பல்கலைக்கழகங்களின் ஒப்பந்தங்களைக் கேட்டுப் பெற்று, 2014இல் தம் ஆய்வை வெளியிட்டனர். எல்சவியர் நிறுவனத்தின் இதழ்த் தொகுப்புக்கு 2009இல் மிச்சிகன் பல்கலைக்கழகம் 21.6 லட்சம் டாலர் கொடுத்திருந்தது. ஏறத்தாழ அதே அளவு மாணவர்களைக் கொண்ட விஸ்கான்சின் பல்கலைக்கழகம் கொடுத்ததோ 12.2 லட்சம் டாலர்! ஒருவர் கொடுத்த விலை மற்றவருக்குத் தெரியாதபோது, பேரம் பேசுவது எப்படி?

ஓர் அளவை மற்றோர் அளவோடு ஒப்பிட்டால்தான் அது கூடுதலா குறைவா என்று சொல்ல முடியும். ஆய்வுக்கூடத்தில் நீங்கள் கற்கும் இந்தப் பாடம் நூலகத்துக்கும் பொருந்தும். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக நூலகம் 1990களிலேயே 'லிப்லைசென்ஸ்' என்னும் இணையத் தொகுப்பைத் தொடங்கியது. ஒப்பந்தச் சொற்களுக்கு விளக்கமும், நூலகங்கள் எடுத்தாளத்தக்க மாதிரி ஒப்பந்தமும் அதில் இடம்பெற்றன. விலையை மறைக்கும் ஒப்பந்தங்களில் இனிக் கையெழுத்திடுவதில்லை என்று கார்னெல் பல்கலைக்கழக நூலகம் 2011இல் அறிவித்தது.

நம் நாட்டில்

2024 நவம்பரில் மத்திய அரசு 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 மின்னிதழ்களை 6,300க்கும் மேற்பட்ட அரசுக் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களில் படிக்க இது வழி செய்கிறது. 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. தனித்தனியே சந்தா கட்ட இயலாத சிறு கல்லூரிகளுக்கு இது பெரிய உதவியே.

நாளை கல்லூரியில் சேர்ந்து அந்த இதழ்களைத் திறக்கும்போது, அவற்றின் பின்னால் ஓர் ஒப்பந்தம் இருப்பதை நினைவில் கொள்ளுங்கள். ஒப்பந்தக் காலம் முடிந்த பின் எந்தெந்த இதழ்கள் நமக்கு நிற்கும் என்று உங்கள் நூலகரிடம் கேளுங்கள்.