வருகிறது, போகவில்லை

“மெயில் எல்லாம் வருதுங்க. நாங்க அனுப்புறதுதான் போக மாட்டேங்குது.”

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்யும் ஒரு சிறு அலுவலகத்திலிருந்து திங்கட்கிழமை காலையில் வந்த அழைப்பு அது. ஜெர்மனி பையருக்கு அனுப்பிய பேக்கிங் லிஸ்ட் திரும்பி வந்துவிட்டது. சென்னை ஏஜென்டுக்குப் போகிறது. ஜிமெயில் முகவரிகளுக்குப் போகவில்லை. மெர்ச்சண்டைசர் பெண் அதே மெயிலை ஏழு தடவை அனுப்பிப் பார்த்திருந்தார். ஏழு தடவையும் ‘மெயிலர் டீமன்’ என்ற பெயரில் ஒரு பதில் வந்திருந்தது. ஏதோ எரர் மெசேஜ் என்று எண்ணி, படிக்காமலே அழித்துவிட்டார். போகாததற்கான காரணம் அதில்தான் எழுதியிருந்தது.

தபால்காரர் திருப்பிக் கொண்டுவரும் உறையில் ‘விலாசதாரர் இல்லை’, ‘வாங்க மறுத்தார்’ என்று ஒரு குறிப்பு இருக்கும். மெயில் சர்வரும் அப்படித்தான். காரணம் சொல்லாமல் எதையும் திருப்பாது. அந்தக் குறிப்பைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

அதைப் படிக்க, இரண்டு சர்வர்கள் எப்படிப் பேசிக்கொள்கின்றன என்று தெரிய வேண்டும். நம் சர்வர் எதிர் சர்வரின் 25-ஆம் எண் போர்ட்டில் போய்க் கதவைத் தட்டுகிறது. எதிர்ப்பக்கம் 220 என்கிறது: இருக்கிறேன், சொல். நம் சர்வர் ஹலோ சொல்லித் தன் பெயரைச் சொல்கிறது. அடுத்து, யாரிடமிருந்து, யாருக்கு என இரண்டு வரிகள். ஒவ்வொன்றுக்கும் 250, அதாவது சரி. ‘டேட்டா’ என்றதும் 354 வருகிறது: கொடு, வாங்கிக்கொள்கிறேன். மடல் முழுவதும் போன பிறகு, தனி வரியில் ஒற்றைப் புள்ளி. அந்தப் புள்ளிக்கு வரும் 250-க்காகத்தான் இத்தனையும். அது வந்த கணத்திலிருந்து மடல் எதிர் சர்வரின் பொறுப்பு.

ஜான் போஸ்டல் 1982 ஆகஸ்டில் எழுதிய எஸ்எம்டிபி விதிமுறையிலிருந்து இந்த உரையாடல் பெரிதாக மாறவில்லை. அன்று வலையில் இருந்தவை சில நூறு கணினிகள். எல்லோரும் எல்லோரையும் ஏறக்குறைய அறிந்திருந்தார்கள். ‘நீ சொல்லும் பெயர் உன் பெயர்தானா?’ என்று யாரும் கேட்கவில்லை. பின்னாளில் ஸ்பேம் பெருகியதும் அந்தக் கேள்வியைப் பல விதமாகக் கேட்க வேண்டியதாயிற்று. இன்று சிறு அலுவலகங்களின் மெயில் நிற்பது பெரும்பாலும் அந்தக் கேள்விகளில்தான்.

பதிலின் முதல் இலக்கத்தை முதலில் பாருங்கள். 4 என்றால் ‘இப்போது இல்லை, பிறகு வா’. 5 என்றால் ‘முடியாது’. 4 வந்த மடலை நம் சர்வர் கியூவில் வைத்துக்கொண்டு இடைவெளி விட்டுத் தானே மறுபடி அனுப்பும். முன்பின் தெரியாத சர்வருக்கு முதல் தடவை வேண்டுமென்றே 4 சொல்லி, அது பொறுத்திருந்து திரும்பி வருகிறதா என்று பார்க்கும் இடங்களும் உண்டு. அப்போது நாம் ஒன்றும் செய்யாமல் இருப்பதே சரி. 5 வந்தால் எத்தனை தடவை அனுப்பினாலும் அதே பதில்தான்.

பக்கத்தில் புள்ளி வைத்து இன்னொரு எண் இருக்கும். 5.1.1 என்றால் அந்த முகவரியே இல்லை. 5.2.2 என்றால் பெட்டி நிரம்பிவிட்டது. நடு இலக்கம் 7 என்றால் முகவரியில் பிழை இல்லை, உன்மேல் நம்பிக்கை இல்லை என்று பொருள். ஜெர்மனியிலிருந்து வந்திருந்தது 550 5.7.1.

நேராக லாகைத் திறந்தேன். அங்கே ஓடுவது போஸ்ட்ஃபிக்ஸ். வீட்சே வெனமா ஐபிஎம் ஆய்வகத்தில் இருந்தபோது எழுத, 1998-ல் வெளிவந்த மென்பொருள். ஒவ்வொரு மடலும் என்ன ஆனது என்று அது எழுதி வைக்கும்: போனது, தள்ளிவைக்கப்பட்டது, திரும்பியது. கூடவே எதிர் சர்வர் சொன்னதை அப்படியே குறித்திருக்கும். சனிக்கிழமை மாலை வரை எல்லாம் ‘போனது’. அதற்குப் பிறகுதான் 550-களும் 450-களும்.

“சனிக்கிழமை ஏதாவது மாத்தினீங்களா?”

“மெயில்ல ஒண்ணும் தொடலைங்க சார். இன்டர்நெட் கனெக்‌ஷன்தான் வேற போட்டோம்.”

பிடி கிடைத்துவிட்டது. கனெக்‌ஷன் மாறினால் ஐபி எண் மாறும். போட்டுக் கொடுத்தவர், மெயில் சர்வரின் பெயர் புதிய எண்ணைக் காட்டும்படி, பெயர்களையும் எண்களையும் இணைக்கும் பதிவேடான டிஎன்எஸ்ஸில் மாற்றியிருந்தார். அதனால் வரும் மெயில் தடையில்லாமல் வந்தது. ஆனால் வருவதற்கு ஒரு பதிவு, போவதற்கு வேறு பதிவுகள். வரும்போது உலகம் நம் பெயரைக் கொண்டு நம் எண்ணைத் தேடுகிறது. போகும்போது, நம் எண்ணைக் கொண்டு நம் பெயரைத் தேடுகிறது. இந்த இரண்டாவது தேடலுக்குப் பதில் சொல்லும் பதிவு பிடிஆர். டொமைன் வாங்கிய இடத்தில் இதை மாற்ற முடியாது. ஐபி எண் யாருடையதோ, அந்த இன்டர்நெட் நிறுவனம்தான் போட்டுத் தர வேண்டும். இது தெரியாமல் டொமைன் பக்கத்தில் நாள்கணக்கில் தேடிக் களைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று எஸ்பிஎஃப். ‘எங்கள் பெயரில் மெயில் அனுப்ப இந்த எண்களுக்கு மட்டுமே அனுமதி’ என்று டிஎன்எஸ்ஸில் நாமே எழுதி வைக்கும் ஒரு வரி. அங்கே பழைய எண்ணே இருந்தது. ஆக அலுவலகத்தின் சொந்த அறிவிப்பே அலுவலகத்தின் சொந்த சர்வரை அந்நியன் என்றது. மடலில் கையெழுத்துப் போடும் டிகிம் இருந்திருந்தால் அந்தக் கையெழுத்து ஐபி மாறினாலும் செல்லும். அதை யாரும் அமைத்திருக்கவில்லை. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில், சிறியவர் பெரியவர் பார்க்காமல், அனுப்புகிற எல்லோரிடமும் பிடிஆரையும், எஸ்பிஎஃப் அல்லது டிகிமில் ஒன்றையாவது எதிர்பார்க்கிறது. சென்னை ஏஜென்டின் சர்வர் இவ்வளவு கறார் இல்லை, அதனால் அங்கே மட்டும் போய்க்கொண்டிருந்தது.

எஸ்பிஎஃப் வரியைத் திருத்தும்போது ஒரு எச்சரிக்கை. பழையதை அப்படியே விட்டுப் புதிதாக இன்னொரு வரி சேர்க்கக் கூடாது. ஒரு டொமைனுக்கு ஒரே எஸ்பிஎஃப் வரிதான். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது.

எல்லா அலுவலகத்திலும் கதை இதுவாக இருக்காது. கதவைத் தட்டி 220-ஏ வரவில்லை என்றால், இன்டர்நெட் நிறுவனம் 25-ஆம் போர்ட்டை அடைத்திருக்கக்கூடும். அப்போது 587 வழியாக வேறொரு சர்வரிடம் ஒப்படைத்து அனுப்ப வேண்டும். பெரிய டிசைன் கோப்பு மட்டும் போகவில்லையா? இணைப்பு மெயிலில் ஏறும்போது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெருகும். 20 எம்பி கோப்பு ஏறக்குறைய 27 எம்பியாகி, எதிர் சர்வர் ஏற்கும் அளவைத் தாண்டிவிடலாம். கியூவில் நமக்குத் தெரியாத முகவரிகளுக்கு ஆயிரக்கணக்கில் மடல்கள் நின்றால், பெரும்பாலும் யாருடைய பாஸ்வேர்டோ திருட்டுப் போயிருக்கிறது. அந்தக் கணக்கை முடக்காமல், ஸ்பேம் அனுப்புவோரின் கருப்புப் பட்டியலிலிருந்து பெயரை எடுக்கச் சொல்லி எழுதுவது வீண். மறுநாளே பெயர் திரும்ப ஏறிவிடும்.

திருப்பூரில் எஸ்பிஎஃப்பைத் திருத்த ஐந்து நிமிடம் ஆனது. பழைய வரியை மற்ற சர்வர்கள் மறக்க இன்னும் ஒரு மணி நேரம். அன்று மாலையே டிகிமும் போட்டுவிட்டோம். பிடிஆர் புதன்கிழமை மதியம்தான் வந்தது. போஸ்ட்ஃபிக்ஸ் வழக்கமாக ஐந்து நாள் வரை மடலை விடாமல் வைத்திருக்கும், அதனால் சனிக்கிழமை தள்ளிவைக்கப்பட்டவைகூடக் கியூவில் பத்திரமாக இருந்தன. அவை ஒவ்வொன்றாகத் தாமே போவதை நானும் மெர்ச்சண்டைசரும் லாகில் பார்த்துக்கொண்டிருந்தோம். 550 வாங்கியவற்றை மட்டும் மறுபடி அனுப்ப வேண்டும். அவர் பேக்கிங் லிஸ்டை எட்டாவது தடவையாக அனுப்பிவிட்டு, திரையில் விரல் வைத்துக் கேட்டார்:

“250-ன்னு வந்திருக்குங்க. போயிருச்சுன்னு அர்த்தமுங்களா?”

போய்விட்டது.