ஊரை அளக்கும் உபாத்தியாயர்கள்

பொருளாதார ஆராய்ச்சி என்றதும் நம்மில் பலருக்கு டில்லியும் லண்டனுந்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. மூக்குக் கண்ணாடி அணிந்த நிபுணர்கள், மலை மலையாகப் புள்ளிவிவரங்கள், கோடிக் கணக்கில் செலவு! ஆனால் தமிழ் நாட்டில் இந்த ஆராய்ச்சி பிறந்த கதை முற்றும் வேறு. அது வெகு சிக்கனமான கதை.

1915-ம் வருஷத்தில் சென்னை சர்வகலாசாலை இந்தியப் பொருளாதாரத்துக்கு ஒரு பேராசிரியரை நியமித்தது. அவர் பெயர் கில்பர்ட் ஸ்லேட்டர். அதற்கு முன் ஆக்ஸ்போர்டில் தொழிலாளர்கள் படிக்கும் ரஸ்கின் கல்லூரிக்குத் தலைவராய் இருந்தவர். புஸ்தகத்தைப் பார்த்து இந்தியாவைப் பற்றிப் போதிப்பது அவருக்குச் சரியாகப் படவில்லை. ஆகவே ஒரு வினாத்தாள் தயாரித்து மாணாக்கர்களின் கையில் கொடுத்தார். விடுமுறையில் அவரவர் கிராமத்துக்குப் போய், நிலம் யாரிடம் இருக்கிறது, கூலி என்ன, கடன் எவ்வளவு என்றெல்லாம் விசாரித்து எழுதி வரும்படி சொன்னார். அதன் பலன், 1918-ல் வெளியான "சில தென்னிந்தியக் கிராமங்கள்" என்னும் ஆங்கில நூல். தென்னாற்காட்டு இருவேல்பட்டு, ராமநாதபுரம் ஜில்லாவில் அன்று இருந்த வடமலாபுரம், திருநெல்வேலிக் கங்கைகொண்டான் முதலிய ஊர்கள் அதில் இடம்பெற்றன. ஏறக்குறைய அதே காலத்தில் பூனாவுக்கு அருகே ஹரால்ட் மான் என்பவர் ஒரு தக்காணக் கிராமத்தை ஆராய்ந்து, 1917-ல் நூல் வெளியிட்டார்.

ஒரு வினாத்தாளும் மாணாக்கர்களின் விடுமுறை நாட்களும் போட்ட முதல், வட்டியும் குட்டியுமாய்ப் பெருகியதைப் பாருங்கள்! 1936-37-ல் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அவ்வூர்களை மறுபடி ஆராயச் செய்து, 1940-ல் நூலாக்கினார்கள். 1980-களில் எஸ். குகனும் ஜோன் மென்ச்சரும் இருவேல்பட்டுக்குச் சென்றார்கள். 2008-லும் அவ்வூர் ஆராயப்பட்டது. 1916-ல் ஒரு பெரிய நிலக்கிழார் குடும்பத்தின் கைக்குள் இருந்த ஊர், தொண்ணூறு ஆண்டுகளில் எப்படி அப்பிடியிலிருந்து விடுபட்டது, கூலி ஜனங்கள் எப்படி வேறு தொழில்களை நாடினார்கள் என்பதை இன்று நாம் படிப்படியாகக் காணலாம். அன்று எழுதி வைத்திராவிட்டால், இன்று எதனோடு ஒப்பிடுவது?

நம் அண்டை வீட்டு ஜில்லாக்கள்

இப்பொழுது பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் வருவோம். இரண்டும் பழைய திருச்சி ஜில்லாவின் பகுதிகள். 1995-ல் பெரம்பலூர் தனி ஜில்லா ஆயிற்று. அரியலூர் 2001-ல் பிரிந்து, அடுத்த வருஷமே மீண்டும் சேர்ந்து, 2007-ல் திரும்பவும் பிரிந்தது. 2011-ம் வருஷக் குடிக்கணக்குப்படி இரண்டிலுமாகச் சுமார் 13 லட்சம் ஜனங்கள். தமிழ் நாட்டின் ஜில்லாக்களுள் மிகக் குறைந்த ஜனத்தொகை பெரம்பலூருக்கே அப்போது இருந்தது.

இந்த ஜில்லாக்களைச் சுற்றிலும் ஆராய்ச்சி நடந்துதான் இருக்கிறது. 1979-80-ல் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் இரண்டு ஸ்வீடன் தேசத்து அறிஞர்களும் குளித்தலை, மணப்பாறைத் தாலுகாக்களில் ஆறு கிராமங்களை ஆராய்ந்தார்கள். 2005-ல் திரும்பவும் சென்று பார்த்தார்கள். லால்குடித் தாலுகாவின் நில தஸ்தாவேஜுகளை ஜப்பானியரான யானகிசாவா ஆராய்ந்து நூல் எழுதினார். ஸ்வீடனும் ஜப்பானும் காவேரிக் கரைக்கு வந்தது நமக்குப் பெருமைதான். ஆனால் நம் ஊரை நாமே ஆராய்வதற்கு யார் தடை சொன்னார்கள்?

ஆராய வேண்டியவை

விஷயத்துக்குப் பஞ்சமே இல்லை. அரியலூர்ப் பூமிக்கு அடியில் சுண்ணாம்புக்கல். மேலே சிமெண்ட் ஆலைகள். 2015-ல் திருத்திய சுரங்கச் சட்டப்படி, சுரங்கக்காரர்கள் அரசாங்கத்துக்குச் செலுத்தும் உரிமைத் தொகையோடு கூடவே ஜில்லாக் கனிம நிதி ஒன்றுக்கும் பணம் கட்ட வேண்டும். பழைய குத்தகை ஆனால் உரிமைத் தொகையில் நூற்றுக்கு 30 பங்கு, ஏலத்தில் எடுத்த புதிய குத்தகை ஆனால் 10 பங்கு. சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஜனங்களுக்கே அப்பணம் சேர வேண்டும் என்பது சட்டம். எந்த ஊர்க் குழாயில் தண்ணீர் வந்தது? எந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கூரை வந்தது? பள்ளத்தின் ஓரத்தில் வசிக்கிறவனுக்குக் கிடைத்ததா, தாலுகாத் தலைநகருக்குப் போய்விட்டதா? கிராமங்களுக்கு நேரில் சென்று விசாரித்தாலன்றி இவற்றுக்கு விடை கிடைக்காது.

ஜயங்கொண்டத்தில் பழுப்பு நிலக்கரித் திட்டத்துக்காக 1990-களில் நிலம் எடுக்கத் தொடங்கினார்கள். நஷ்ட ஈட்டு வழக்குகள் ஆண்டுக் கணக்கில் நடந்தன. கடைசியில் திட்டமே கைவிடப்பட்டது. நிலங்களைத் திருப்பித் தருவதென்று அரசாங்கம் தீர்மானித்தது. இடைப்பட்ட காலத்தில் அந்தக் குடும்பங்கள் எப்படிப் பிழைத்தன? பெரம்பலூரில் சின்ன வெங்காயம் விளைவிப்பவர், பட்டறையில் வைத்து விலைக்குக் காத்திருக்கிறார். காத்திருந்ததில் லாபம் யாருக்கு, அழுகலில் நஷ்டம் எவ்வளவு?

சில்லறைச் செலவு

இவற்றுக்கு வேண்டிய செலவு என்ன? பஸ் சத்தம், வினாத்தாள் அச்சுக்கூலி, கணக்கெடுக்கும் மாணவர்களுக்குப் படி, அடங்கலைப் பிரதி எடுக்கும் செலவு, அவ்வளவே. இத்தகைய சிறு மான்யங்கள் நமக்குப் புதியனவும் அல்ல. 1969-ல் ஏற்பட்ட இந்திய சமூக விஞ்ஞான ஆராய்ச்சிக் கவுன்சில் பெரிய திட்டங்களோடு சிறிய திட்டங்களுக்கும் பணம் தருகிறது. சர்வகலாசாலை மான்யக் கமிஷனும் ஐந்தாண்டுத் திட்டங்களின் காலத்தில் கல்லூரி ஆசிரியர்களுக்குச் சிறு மான்யம் வழங்கி வந்தது.

சிறு மான்யத்திலும் ஆபத்து உண்டு என்பதை மறைப்பானேன்? வினாத்தாளை மேஜையில் உட்கார்ந்தே நிரப்பிவிடலாம். அறிக்கையை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடலாம். அதற்காக மான்யத்தை நிறுத்துவது, எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது போல் ஆகும். மூன்று நிபந்தனைகள் போதும். முதலாவது, முடிவைத் தமிழில் எழுதி, ஆராய்ந்த ஊரின் கிராம சபையில் படிக்க வேண்டும். தவறு இருந்தால் ஜனங்களே திருத்துவார்கள். இரண்டாவது, ஆட்களின் பெயரை நீக்கிவிட்டு மூலக் கணக்கைப் பாரதிதாசன் சர்வகலாசாலையில் பத்திரப்படுத்த வேண்டும். பத்து வருஷம் கழித்து இன்னொருவர் அதே ஊருக்குப் போக அது உதவும். மூன்றாவது, சுரங்கத்தை ஆராய்கிறவர் சுரங்க முதலாளியின் பணத்தை வாங்கலாகாது. பொதுக் காரியத்துக்குப் பொதுப் பணமே தகும்.

இவற்றோடு, ஆராயும் ஆசிரியருக்கு வாரத்தில் ஒரு நாளேனும் வகுப்பிலிருந்து ஓய்வு தர வேண்டும். பணம் மட்டும் கொடுத்து நேரம் கொடாவிட்டால், மாடு வாங்கிக் கொடுத்துவிட்டு வைக்கோலை மறந்த கதைதான்.

ஸ்லேட்டரின் மாணாக்கர்கள் எடுத்த கணக்கு அந்த ஆண்டே யாருடைய பசியையும் தீர்த்துவிடவில்லை. ஆனால் நூறாண்டுக்குப் பிறகும் நம் குடியானவர்களின் நிலையைப் பற்றி வாதாடுவோர் அதைத்தான் புரட்டுகிறார்கள். அரியலூர்ச் சுரங்கப் பள்ளங்களின் கதையையும் பெரம்பலூர் வெங்காயப் பட்டறையின் கதையையும் இன்றைக்கு எழுதி வைக்காவிட்டால், நம் பேரப் பிள்ளைகளுக்குப் பள்ளம் மிஞ்சும், கணக்கு மிஞ்சாது.