இடம் மாறிய சாமந்தி

"மாமா, நம்ம சாமந்தி செத்துப்போச்சு!"

அக்கா மகள் உலுக்கி எழுப்பினாள். ஓடிப்போய்ப் பார்த்தேன். முந்தின நாள் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு விரிந்து நின்ற கடல் சாமந்தி, ஊறவைத்த புளி உருண்டை மாதிரி கண்ணாடித் தொட்டிக்குள் பாறை இடுக்கில் சுருங்கிக் கிடந்தது. வாயிலிருந்து பழுப்பாக ஏதோ நூல்நூலாக வழிந்துகொண்டிருந்தது.

"தொடாதே கண்ணு. சாயங்காலம் வரைக்கும் பொறு" என்றேன்.

கடல் சாமந்தி பூ இல்லை, பிராணி. அதன் வயிற்றுக்கு ஒரே வாசல்தான். சாப்பாடு போவதும் கழிவு வருவதும் அந்த வழியேதான். எலும்பும் கிடையாது. உடம்புக்குள் நிறைந்திருக்கும் தண்ணீர்தான் அதை நிமிர்த்தி வைக்கிறது. அவ்வப்போது பழைய தண்ணீரையும் கழிவையும் வெளியே தள்ளிவிட்டுப் புதுத் தண்ணீர் நிரப்பிக்கொள்ளும். அன்று காலையில் நடந்தது அதுதான். சாயங்காலம் வாயைச் சுற்றியிருந்த விரல்கள் ஒவ்வொன்றாக உப்பி எழுந்தன. அக்கா மகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

நிஜமாகவே சாகும் சாமந்தி வேறு மாதிரி இருக்கும். வாய் தொளதொளவென்று திறந்தே கிடக்கும், பாறையைப் பிடித்த பிடி விட்டுப்போகும், அழுகல் நாற்றம் அடிக்கும். அப்போது உடனே வெளியே எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் தொட்டித் தண்ணீரே கெட்டு மற்ற உயிர்களும் சாகும்.

எங்களுடையது விரல் நுனியில் குமிழ் வைத்த ரகம். கடைக்காரர்கள் 'பபிள் டிப்' என்பார்கள். நன்றாகத் தெரியட்டும் என்று முன்பக்கப் பாறையில்தான் வைத்தோம். மூன்றாம் நாள் பார்த்தால் பின்பக்கம் போயிருந்தது! அடியில் உள்ள தட்டையான பாதத்தால் அது மெல்ல மெல்ல நகரும். அதன் சதைக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. அவை வெளிச்சத்தில் உணவு தயாரித்துச் சாமந்திக்கும் பங்கு தருகின்றன. வெளிச்சம் போதவில்லை, தண்ணீர் ஓட்டம் பிடிக்கவில்லை என்றால் அது வேறு இடம் தேடிக் கிளம்பிவிடும். கண்ணும் இல்லை, மூளையும் இல்லை. உடம்பெங்கும் பரவிய நரம்பு வலை மட்டுமே. அதை வைத்துக்கொண்டே பாதம் இடுக்கிலும் விரல்கள் வெளிச்சத்திலும் இருக்கும்படி ஓர் இடம் கண்டுபிடித்துவிட்டது. எனக்கு இன்றும் வியப்பு தீரவில்லை.

பழைய இடத்துக்கே இழுத்துவரலாமே என்று தோன்றும். வேண்டாம், பாதம் கிழிந்துவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து தொட்டியின் பம்பு. நகர்ந்துபோகும் சாமந்தியை அது உள்ளே இழுத்துவிடும். அதனால் சாமந்தியை வாங்கும் முன்பே பம்பின் வாய்க்கு வலை போட்டுவிட வேண்டும்.

ஒருநாள் சாப்பாடாகக் குச்சியால் ஒரு துண்டு இறாலை நீட்டினேன். ஒரு விரல் பட்டதும் ஒட்டிக்கொண்டது. அது பசை இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான விஷ ஊசிகள். பக்கத்து விரல்களும் வளைந்து வந்து பிடிக்க, இறால் வாய்க்குள் போய்விட்டது.

தண்ணீரும் கவனிப்பும் சரியாக இருந்தால் சாமந்தி எவ்வளவு காலம் வாழும்? ஸ்காட்லாந்தில் ஜான் டாலியெல் என்பவர் 1828இல் கடற்கரைப் பாறையிலிருந்து வேறு ரகச் சாமந்தி ஒன்றை எடுத்துவந்து கண்ணாடிச் சாடியில் வளர்த்தார். எல்லோரும் அதை 'பாட்டி' என்றே அழைத்தார்கள். டாலியெல் 1851இல் காலமானார். பாட்டி கைமாறிக் கைமாறி 1887 வரை உயிரோடு இருந்தது.